மார்ஷல் உயிரோடுதான் இருக்கிறான், மாப்பிள்ளை

உத்திரமேரூர்,
ஆவணி மாதம், புதன்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஸ்ரீகாந்த் அவர்களுக்கு, மாமனார் வேதகிரி எழுதிக்கொள்வது. இங்கே நாய் மார்ஷல் நலம். அடுத்தபடியாக நானும் உங்கள் அத்தை ஆண்டாளம்மாளும் நலம். நாயின் நலத்தை முதலில் எழுதச் சொன்னது அத்தைதான். அங்கே நீங்களும் பரிமளாவும் நெதர்லாந்துக் குளிருக்குத் தக்க துணி உடுத்தி, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். என் கைப்பேசி இப்போது அரிசிப் பானைக்குள் இருக்கிறது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அத்தையின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. பரிமளாதான் எடுத்தாள். "அப்பா, அவரு உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காரு. ஐப்பசியில நேரா வந்து மார்ஷல இங்கியே இட்டுக்கினு வந்துடப் போறாராம். நாயி வச்சிக்கிற வூடா பாத்துட்டாரு. அதுவரைக்கும் அவருகிட்ட ஒண்ணும் பேசாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பேசக் கூடாது என்றுதான் சொன்னாளே தவிர எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நான் காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன். கோபமாக இருக்கும் பயணியிடம் உடனே வாய் கொடுக்கக் கூடாது, இரண்டு நிறுத்தம் போக விட்டுப் பேச வேண்டும் என்பது தெரியும். தபால் அங்கே வந்து சேர எப்படியும் சில வாரங்கள் ஆகுமாம். அதற்குள் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நம்பி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன தை மாதம் நீங்கள் வெளிநாடு புறப்பட்டபோது, அங்கே போய் இறங்கும் வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று தேன் நிற மார்ஷலை எங்களிடம் விட்டுப் போனீர்கள். அவன் கழுத்தில் அந்தப் பட்டையை மாட்டினீர்கள். உங்கள் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் அதற்கான செயலியைப் போட்டீர்கள். வரைபடத்தில் நம் வீட்டைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு வட்டம் வரைந்து, "இதைத் தாண்டினா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும் மாமா" என்றீர்கள். நாய் எங்கே இருக்கிறது, எவ்வளவு நடந்தது, எவ்வளவு தூங்கியது, எத்தனை தரம் குரைத்தது, நாடி எப்படி ஓடுகிறது எல்லாம் தெரியும் என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தைக்கு மார்ஷல் என்ற பெயர் வாயில் நுழையாமல் அன்றைக்கே மாசிலாமணி என்று மாற்றிவிட்டாள். அதற்கும் அவன் வாலை ஆட்டினான். ஆரம்பம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மாப்பிள்ளை, அந்த நீல வட்டத்தில் நம் வீடும், கிணறும், பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் பாதியும்தான் அடங்கின. நாய் காலைக் கடனுக்குப் போகும் கொல்லைமேடு அடங்கவில்லை. ஆகவே தினமும் விடிந்ததும் அவன் காலைத் தூக்க, இங்கே ஒரு கைப்பேசியும் அங்கே ஒரு கைப்பேசியும் அலறும். அங்கே அப்போது நடுநிசி. நீங்கள் தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டு, "மாமா, மார்ஷல் வெளிய போயிட்டானா?" என்பீர்கள். "வெளியேதான் போகிறான் மாப்பிள்ளை" என்பேன். இது ஒரு மாதம் நடந்தது. பிறகு அவன் நடை போதவில்லை, எடை கூடுகிறது, தினமும் இவ்வளவு அடி நடந்தே ஆக வேண்டும் என்று எழுதி அனுப்பினீர்கள். நாய் தனியாக நடக்காது, கூட ஆள் நடக்க வேண்டும். அந்த ஆள் நான். ஏரிக்கரையில் அவன் முன்னால் இழுக்க, நான் பின்னால் ஓட, டீக்கடை சின்னராசு பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நாயி உன்ன மேய்க்க இட்டுக்கினு போவுதா?" என்று கேட்டான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஓடின களைப்புக்குச் சின்னராசு கடையில் உட்காருவேன். ஒரு டீ, சில நாள் ஒரு போண்டா. மார்ஷல் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்வான். சித்திரை மாதத்தில் ஒருநாள் பரிமளா கூப்பிட்டாள்.

"அப்பா, மார்ஷல் தெனமும் காலையில ஒரே எடத்துல ரொம்ப நேரம் நிக்கிறானே, அங்க இன்னா கீது?"

"அரச மரம் கீதும்மா. நெழலு."

"மரத்துக்குப் பக்கத்துல இன்னா கீது?"

நான் மார்ஷலைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதாப்பா? அது சின்னராசு அண்ணன் கடை. உடம்புல சக்கரைய வச்சிக்கினு தெனம் போண்டா துண்றீங்களா?"

அன்று முதல் எனக்கு மார்ஷலைப் பார்த்தால் டிக்கெட் பரிசோதகரைப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. அவன் மீது தப்பில்லை என்று தெரியும். ஆனாலும் அவன் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவனை வீட்டில் கட்டிப் போட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனேன். அவன் ஊளையிட்டான். உடனே நீங்கள் கூப்பிட்டு, "மாமா, அவன் மன உளைச்சல்ல இருக்கான்னு காட்டுது. தனியா விட்டுட்டுப் போறீங்களா?" என்றீர்கள். இந்த வீட்டில் மன உளைச்சல் யாருக்கு என்பதை அந்தப் பட்டை கொஞ்சம் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை. அத்தை சொல்லிவிட்டாள். "எனக்கு முட்டிவலி வந்து எத்தினி நாளாச்சி. அது மாசிலாமணிக்கு வந்தாத்தான் எம் பொண்ணுக்குத் தெரியும்போல கீது" என்றாள். நல்லவேளை, அப்போது நீங்கள் இணைப்பில் இல்லை.

வைகாசிக் கடைசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் நாயின் பாதம் சுட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நடை முடியாவிட்டால் உங்களிடமிருந்து அழைப்பு வரும். இந்தப் பேஜாரைச் சின்னராசுவிடம் சொன்னேன். அவன் டீ ஆற்றிக்கொண்டே, "நடக்கணும், அவ்ளோதானே? எங்க கெடா நாளெல்லாம் நடந்துக்கினுதான் கீது. அந்தப் பட்டையை அதும் கய்த்துல மாட்டிவுடு நைனா. நாயும் பொழைக்கும், நீயும் பொழைப்ப" என்றான். மாப்பிள்ளை, அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வெயில். மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வந்ததெல்லாம் பாராட்டுதான். "மாமா, மார்ஷல் ஆளே மாறிட்டான். என்ன சுறுசுறுப்பு!" என்றீர்கள். கிடா மேயப் போகும் தூரத்தை நினைத்து, வட்டத்தை ஏரி வரைக்கும் பெரிதாக்கிப் போடச் சொன்னேன், போட்டீர்கள். அந்த வாரத்தின் மிகச் சுறுசுறுப்பான நாய் என்று செயலியே ஒரு பதக்கம் கொடுத்தது. அதைச் சின்னராசுவிடம் காட்டினேன். அவன் கிடாவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போட்டான்.

உள்ளபடி சொல்கிறேன், எனக்கும் மார்ஷலுக்கும் சிநேகம் உண்டானது அதற்குப் பிறகுதான். அவன் கழுத்தில் ஒன்றும் இல்லை, என் கையில் கைப்பேசி இல்லை. மதியம் பம்பு செட்டுத் தொட்டியில் இருவரும் இறங்கி உட்காருவோம். அவன் தலை மட்டும் வெளியே தெரியும். வரப்பில் மயிலைக் கண்டால் ஓடி வந்து என் கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அங்கிருந்து குரைப்பான். நான் எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் என் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொள்வான். போண்டாவில் பாதி அவனுக்கு. (வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று நீங்கள் எழுதியிருந்ததால் வெங்காயத்தை எடுத்துவிட்டுத்தான்.) முன்பெல்லாம் அவன் எங்கே என்று கைப்பேசியைப் பார்ப்பேன். இப்போது அவனைப் பார்த்தேன். அந்த நாட்கள் முழுவதும் அவன் என் கண்ணைவிட்டு இம்மியும் விலகவில்லை. பட்டை செய்யாத காவலை இந்தக் கிழவனின் கண் செய்தது என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்துகொள்கிறேன்.

ஆனி நடுவில் உங்களுக்கு ஒரு கவலை வந்தது. மார்ஷல் நாள் முழுக்க நடக்கிறான், ஆனால் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லையாம். "அவனுக்கு ஏதோ மனசுல இருக்கு மாமா" என்றீர்கள். "வயசாக ஆக அடக்கம் வருகிறது மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் நம்பவில்லை. கால்நடை டாக்டர் ஞானதாஸை அங்கிருந்தே பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர் வந்தபோது மார்ஷல் மின்விசிறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். டாக்டர் அவனைப் பார்த்தார், தன் கைப்பேசிக்கு நீங்கள் அனுப்பியிருந்த கணக்கைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"இந்த நாயா தெனமும் இவ்ளோ தூரம் நடக்குது? எழுந்து நின்னாலே மூச்சு வாங்குது. பட்டை எங்கங்க?"

அத்தை சமையலறையிலிருந்தே, "தொவைச்சிக் காயப் போட்டுக்கீறேன் டாக்டரு. காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள். டாக்டர் காப்பியைக் குடித்துவிட்டு, இவ்வளவு நடந்தும் எடை கூடுவதால் சுரப்பியில் கோளாறு இருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதற்காக மார்ஷலுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். கிடா நடந்ததற்கு நாய் குத்துப்பட்டது. அப்போதே உங்களிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று.

ஆடிக் கடைசி ஞாயிறு. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், மார்ஷல் நாற்காலிக்கு அடியில். நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"மாமா, மார்ஷல் எங்க?"

"ஏரிப்பக்கம் போயிருக்கான் மாப்பிள்ளை. இப்ப வந்துடுவான்."

"இல்ல மாமா! அவன் வண்டியில போறான்! அவ்ளோ வேகமா, பழையசீவரம் ரோட்டுல போயிட்டிருக்கான். யாரோ அவனத் தூக்கிட்டுப் போறாங்க மாமா!"

உங்கள் குரல் கேட்டதும் நாற்காலிக்கு அடியில் இருந்தவன் எழுந்து குரைத்தான்.

"அது யாரு குரைக்கிறது?"

"பக்கத்து வூட்டு நாயி" என்றேன்.

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன். நான் காலை எடுத்து வைக்கும் முன் மார்ஷல் தாவி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான், இறங்க மாட்டேன் என்றான். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு, "நாயத் தேட நாயையே இட்டுக்கினு போறீங்களே, பாக்கறவங்க இன்னாங்க சொல்லுவாங்க?" என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. வழியில் பஞ்சர் கடைக்காரரிடம், "இந்தப் பக்கம் சரக்கு வண்டி ஏதாவது போச்சா? ஒரு நாயைத் தேடிக்கினு போறேன்" என்றேன். "நாயி எப்டி இருக்கும்?" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவனைக் காட்டி, "இத மாதிரியே" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இதுவே இல்லியா?" என்று கேட்டார். நான் வண்டியை முறுக்கினேன்.

செயலியில் புள்ளி போய் நின்ற இடம் பாலாற்றங்கரையில் ஒரு தோப்பு. அங்கே சின்னராசு வீட்டுக் குலதெய்வம். அந்தக் கிடா சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்பது, மாப்பிள்ளை, எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் தோப்புக்குள் நுழையும்போதே கைப்பேசி ஒரு விதமாகச் சத்தம் போட்டது. நாடித் துடிப்பு இல்லை என்று செய்தி. நான் பார்த்த அதே செய்தியை நீங்களும் அங்கே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னராசு என்னைக் கண்டதும், "வா நைனா! சொல்லாமயே வந்துட்டியே! எலை போட்டுக்கினு கீறாங்க, குந்து" என்றான். "பட்டை எங்கடா?" என்றேன். "பூசாரி அவுத்து வேப்ப மரத்துல மாட்டிட்டாரு. சாமி கெடாவுக்கு அதெல்லாம் ஆவாதாம்" என்றான்.

அப்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். "மாமா" என்றீர்கள். பின்னால் பரிமளா அழுவது கேட்டது. பிறகு அழுதுகொண்டே, "நான் அவன விட்டுட்டு வந்திருக்கக் கூடாது மாமா. ஏர்போர்ட்டுக்குக் கெளம்பும்போது கார் பின்னாலயே ஓடி வந்தான். நான் திரும்பிப் பாக்கல" என்றீர்கள். நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி இவ்வளவு காலத்தில் நாம் சாப்பாடு, சாலை, வெயில் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் அழுது நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை, மார்ஷல் உயிரோடதான் இருக்கான்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க மாமா" என்றீர்கள்.

வைகாசி முதல் நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பிய நீங்கள், முதல்முதலாக உண்மை சொன்னபோது நம்பவில்லை. உங்களைக் குறை சொல்ல முடியாது. நான் படம் தெரிகிற மாதிரி அழைப்பை மாற்றி அவனைக் காட்டினேன். அவனுக்கு யாரோ ஒரு பெரிய எலும்பைப் போட்டிருந்தார்கள். அதைக் கவ்விக்கொண்டிருந்தான். நீங்கள் "மார்ஷல்" என்றீர்கள். அவன் எலும்பைக் கீழே போட்டான். மாப்பிள்ளை, அவன் வாயில் இருக்கிற எலும்பைத் தானாகக் கீழே போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கு இப்போது தெரியும். எங்கே, எங்கே என்று சுற்றிப் பார்த்தான். பிறகு குரல் கைப்பேசியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு காலையும் தூக்கி என் மார்பில் வைத்து அதை நக்கினான். உங்களுக்குத் தெரிந்தது அவன் நாக்கு மட்டும்தான் என்று பரிமளா சொன்னாள். அடுத்த நொடி கைப்பேசி என் கையிலிருந்து நழுவிக் குழம்பு அண்டாவில் விழுந்தது. அதைக் கரண்டியால்தான் எடுத்தோம். அரிசிப் பானையின் காரணம் இதுதான்.

சின்னராசு கைப்பேசியிலிருந்து பரிமளாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள், பிறகு ஒன்று சொன்னாள். "அவரு ஆபீஸ்ல மத்தியானம் தனியாத்தாம்பா துண்ணுவாரு. அந்தப் புள்ளி எங்க நவுருதுன்னு பாத்துக்கினே துண்ணுவாரு. அது கூட இருக்கிற மாதிரி இருக்குதாம்." எனக்கு அது தெரியாமல் போயிற்று. நீங்கள் என்னைக் கண்காணிக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். வைகாசியிலிருந்து ஆடி வரை சின்னராசு கிடாவோடு சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தக் கிடாவையே சாப்பிட்டோம். இதையும் மறைக்க மனமில்லை. என்னை மன்னிக்க வேண்டும். பெரியவன் என்பதற்காக மன்னிக்க வேண்டாம், தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டதற்காக மன்னிக்கவும்.

நீங்கள் ஐப்பசியில் வந்து அவனைக் கூட்டிப் போங்கள். அதுதான் நியாயம். தடுப்பூசிச் சீட்டு எல்லாம் ஞானதாஸ் டாக்டரிடம் எழுதி வாங்கி வைக்கிறேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும், ஆறிவிடும். எனக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எத்தனையோ பேர் ஏறி இறங்கியதைப் பார்த்தவன். பட்டையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துப் போங்கள். ஆனால் அங்கே போன பிறகு அதை அதிகம் பார்க்காதீர்கள். கண் போதும். நான் என் கண்ணால் காத்ததில் ஒரு குறையும் வந்ததில்லை என்பதை மறுபடியும் சொல்லி முடிக்கிறேன்.

நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்து, குறையில்லாமல் இருக்க எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள். பரிமளாவிடம் நான் போண்டாவை விட்டுவிட்டேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் கோபம் ஆறக் காத்திருக்கும்,
வேதகிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பின்தெரு எல்லம்மாள் வந்து வாசலில் நின்றாள். "இன்னா பெரியவரே, எங்க மாட்டுக் கொட்டாயில வெள்ளச்சி ஆறு குட்டி போட்டுக்கீது. வந்து பாரு. அத்தினியும் தேன் கலரு. அத்தினியும் உங்க நாயி ஜாடை" என்றாள். வெள்ளச்சி அவள் வீட்டு நாய். "எங்க நாயி எங்கியும் போவாதே. நாந்தான் கண்ணுலயே வச்சிக்கினு கீறேனே" என்றேன். "யாரு, நீயா? மத்தியானம் பம்பு செட்டாண்ட நீ வாயப் பொளந்துக்கினு தூங்குவ. அது நேரா எங்க வூட்டுக்கு வந்துடும். சாயங்காலம் நீ எழுந்துக்கறதுக்குள்ள போயிடும். வைகாசியிலேர்ந்து இதான் நடக்குது, ஊருக்கே தெரியும்" என்றாள். போய்ப் பார்த்தோம். சந்தேகப்பட இடமில்லை. ஆகவே மேலே கண்ணைப் பற்றி நான் எழுதிய எல்லா இடங்களையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அத்தை இரண்டு குட்டிகளை முந்தானையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வர மாட்டேன் என்கிறாள். "மாசிலாமணி இப்ப புள்ளகுட்டிக்காரன். குடும்பத்த இங்க வுட்டுட்டு வெளிநாடு போறது நல்லாவா கீதுன்னு அவங்க ரெண்டு பேரையும் கேட்டு எழுதுங்க" என்கிறாள். நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை. அத்தை கேட்கச் சொன்னாள்.